நடிப்புச் சொற்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக ஆங்கிலம் படித்துவருகிறேன். தலைப்பு வாரியாகச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது என் வழக்கம். இப்போது ‘பெர்ஃபார்மிங்’ என்ற தலைப்பில் நிற்கிறேன். ஆக்ட், பெர்ஃபார்ம், பிளே மூன்றுக்கும் நேராக ‘நடி’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆக்டட் எ டிராமா’ என்றேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். எது எப்போது வரும்? இந்தத் தலைப்பில் முக்கியமான நூறு சொற்களைத் தர முடியுமா? ‘தியேட்டர்’ என்பதற்கு எந்த எழுத்துக்கூட்டல் சரி? இதற்கு நல்ல செயலி ஏதாவது உண்டா?

கே.

அன்புள்ள கே.,

சிரித்தவரை முதலில் விட்டுத்தள்ளுங்கள். நீங்கள் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. ஆள் எடுக்க உட்கார்ந்தவர் அப்படிச் சிரிப்பது அழகில்லை. ‘ஐ ஆக்டட் இன் எ பிளே’ என்றிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு ராத்திரி தூக்கத்தைக்கூடக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூறு சொல் பட்டியல் தரமாட்டேன். கோபம் வந்தால் வரட்டும். மூன்று சொல்லுக்கு எதிரே ஒரே ‘நடி’யைப் போட்டுவிட்டு நூறு கேட்கிறீர்களே, அந்த நூறையும் என்ன செய்வீர்கள்? அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் ‘பெர்ஃபார்ம்’ செய்கிறார். அவர் உங்கள் நோட்டின்படி நடித்தால், நாம் மேசையிலிருந்து குதித்து ஓட வேண்டியதுதான். ‘ஆக்டிங் மேனேஜர்’ யாரையும் ஏமாற்றவில்லை, வேறொருவர் வரும்வரை அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிறார். ‘பிளே’ என்றால் வேடத்தின் பெயர் இடையில் ‘இன்’ போன்ற சொல் இல்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்: ‘ஷீ பிளேட் தி குவீன்’. சரி, இது போதும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் போனது வேறொரு பக்கம்.

‘ரோல்’ என்கிறோமே, அது உண்மையிலேயே ஒரு காகிதச் சுருள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் நடிகர் கையில் முழு நாடகத்தையும் கொடுக்கமாட்டார்கள். எல்லாமே கையால் படியெடுக்க வேண்டும், காகிதமும் மலிவில்லை. அதனால் அவரவர் வசனத்தை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தார்கள். எட்வர்ட் ஆலின் என்ற பெரிய நடிகருக்காக 1590-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அப்படி ஒரு பிரதி லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது. ஆர்லாண்டோ என்ற வேடம். ஒடுக்கமான தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய நீளச் சுருள். அதில் ஆலின் பேச வேண்டியது முழுதாக இருக்கும். எதிராளி பேசுவது இருக்காது. ஒரு நீளமான கோடு, கோட்டின் முடிவில் எதிராளி பேசி முடிக்கும் கடைசி ஓரிரு சொற்கள், அவ்வளவுதான். அந்தச் சொற்களுக்குப் பெயர்தான் ‘கியூ’. அது காதில் விழும்வரை வாயைத் திறக்கக்கூடாது. எப்போது விழும் என்று தெரியாது, ஆகவே மேடையில் நிற்கிற நேரம் முழுக்கக் கவனித்துக் கேட்டே ஆக வேண்டும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க ஆசை. சொல்லுக்கும் கியூ உண்டு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ வர வேண்டுமானால் அதற்கு முன்னால் ‘கிவ்’ வந்து நிற்கும். ‘பிளே’ என்ற நாடகத்துக்கு முன்னால் ‘புட் ஆன்’. வசனத்தைச் சொல்லும் ‘லைன்ஸ்’ என்றால் ‘லேர்ன்’ அல்லது ‘ஃபர்கெட்’. ‘கியூ’வுக்கே ‘மிஸ்’. உங்கள் நோட்டில் சொல் இருக்கிறது, பொருள் இருக்கிறது, கியூவை மட்டும் காணோம். அப்புறம் பேசும்போது சொல் வாயில் எப்படி வரும்?

ஒரு காலத்தில் நான் நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கையில் பிரதி, சின்ன டார்ச். பிரதான நடிகர் ஒருவர், குரலும் ஆகிருதியும் கூட்டத்தைக் கட்டிப்போடும், நீண்ட வசனத்தின் நடுவில் நின்றுபோனார். எதிரே நின்ற பெண் தன் கடைசி வரியைத் திரும்பச் சொன்னாள். நான் அவருடைய வரியின் முதல் இரண்டு சொற்களை மெதுவாகச் சொன்னேன். கண் அசைந்தது. மீதி ஒரு பக்கமும் மளமளவென்று வந்துவிட்டது. அதே மனிதரிடம் ஒத்திகையில் அந்த வசனத்திலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்து, இது எங்கே வருகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். உங்கள் படிப்புமுறை முழுக்க அந்தக் கேள்விதான், கே. உங்களுக்கு மூளை குறைவில்லை. கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. உழைப்பைத் தப்பான இடத்தில் கொட்டுகிறீர்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

‘லைம்லைட்’, ‘அப்ஸ்டேஜ்’ எல்லாம் உங்கள் தலைப்பில் வரும். முதலாவது, சுண்ணாம்புக் கட்டியை எரிவாயுச் சுடரில் வெண்மையாகச் சுடர விட்டு மேடைக்கு ஒளி பாய்ச்சிய பத்தொன்பதாம் நூற்றாண்டு விளக்கு. இரண்டாவது, பின்பக்கம் உயர்ந்து சரிவாக இருந்த மேடைகளின் பின்பகுதி. அங்கே ஒருவர் போய் நின்றுகொண்டால், அவரோடு பேசுகிறவர் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். அடுத்தவரை அப்படி மட்டம் தட்டுவதற்கும் பிறகு அதே சொல். ஒருமுறை மேடையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம்.

செயலி எதுவும் எனக்குத் தெரியாது, வேண்டவும் வேண்டாம். ‘தியேட்டர்’ பிரிட்டனில் ஆர்-ஈ என்று முடியும், அமெரிக்காவில் ஈ-ஆர். ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

நீங்கள் நடித்த அந்த நாடகம் என்ன, என்ன வேடம் என்று சொல்லவே இல்லையே? அதைப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றினீர்கள் என்றால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.