ஸ்பிரிங் ஏர் ரைபிள்: இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும்

பொள்ளாச்சித் தம்பி: ஏனுங்கண்ணா, 10 மீட்டரில் மணல் மூட்டைமேல் வைத்து, தோளோடு நன்றாக இறுக்கித்தான் சுடுகிறேன். அப்படியும் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. குழல் கோணலுங்களா?

குழல்மேல் பழி போடாதீர்கள் தம்பி, பிடியைப் பார்ப்போம். விசையை இழுத்ததும் உள்ளே ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முனைக்குப் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் எகிறுகிறது. குண்டு குழலை விட்டுக் கிளம்பும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். அதை யாராலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விடலாம், அவ்வளவுதான். இறுக்கிப் பிடித்தால் ஒருநாள் இருக்கிற இறுக்கம் மறுநாள் இருக்காது.

கோழிக்குஞ்சை ஏந்துகிற மாதிரி, விரித்த உள்ளங்கையில் முன்கட்டையைக் கிடத்துங்கள். விரல் சுற்ற வேண்டாம். தோளில் தொட்டால் போதும், கன்னம் லேசாகப் பட்டால் போதும். மூட்டை வேண்டுமென்றால் மூட்டைமேல் கை, கைமேல் துப்பாக்கி. விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குச் சற்று முன்னால் தொடங்கி, அங்குலம் அங்குலமாகக் கையை நகர்த்தி, இடத்துக்கு ஐந்து குண்டு சுடுங்கள். எங்கே சிதறல் சுருங்குகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. அப்புறம் அந்த இடத்தை மாற்றாதீர்கள். சுட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் குறிபார்க்கும் சைட்டிலேயே கண் இருக்கட்டும். நானும் ஒரு வருஷம் கடப்பாரையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டு, குண்டைத் திட்டியவன்தான்.

காங்கேயத்து அன்பர்: ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை விட்டேன். இப்போது பட்டாசுச் சத்தம், புகை வேறு. பவர் கூடிவிட்டதா?

எண்ணெய் எரிகிறதுங்க. காற்று சட்டென்று அழுந்தும்போது சூடேறி எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பதேதான். வேகம் கூடலாம், ஆனால் குண்டுக்குக் குண்டு மாறும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீலும் கருகும், ஸ்பிரிங்கும் அடிவாங்கும். இனி எதையும் விடாமல் சுட்டுக்கொண்டிருங்கள், எரிந்து தீரலாம். தீராவிட்டால் பிரித்துத் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சு. பிரிக்கும் முன் ஒன்று: சுடாமல் சும்மா இருக்கும்போதும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதை அடக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பூட்டியிருக்கும் பின் ஆணியைத் தட்டினால் முகத்துக்கே பாயும். தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான்.

பல்லடம்: போன வாரம் வரை ஒழுங்காகப் பட்டது, திடீரென்று சிதறுகிறதே?

கட்டையின் திருகுகளைப் பாருங்கள். பத்துக்கு எட்டு பேருக்கு அதுதான். சரியாக இருந்தால், குழல் மடியும் இடத்தில் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துக் குண்டு போட்டுச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் அந்த இடத்துச் சீல் கசிகிறது.

கோபி: மச்சானிடம் பழைய ஸ்கோப் ஒன்று இருக்கிறது, மாட்டலாமா?

ஏர் ரைபிளுக்கென்று செய்ததா என்று கேளுங்கள். சாதாரண ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும், முன்னுதைப்பில் உள்ளே கழன்றுவிடும். 10 மீட்டருக்குச் சாதாரண சைட்டே போதும் என்பேன்.

உடுமலை: லைசென்ஸ் வேண்டாமாமே? மக்காச்சோளத்தில் மயில் தொல்லை தாங்கவில்லை.

2016 ஆயுத விதிகளின்படி குழல் அளவு .177 அங்குலத்துக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். மயிலுக்கு அது செல்லாதுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, ஜெயில்தான். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, எங்கள் தோட்டத்திலும் அதே கதை.

திருப்பூர்: மாடியில் சுட, குறி அட்டைக்குப் பின்னால் என்ன வைக்க?

உங்கள் ஊரிலேயே இதைக் கேட்டால் எப்படி! மரப்பெட்டியில் பனியன் வேஸ்ட்டை இடித்து இடித்து அடையுங்கள், பின்பக்கம் இரும்புத் தகடு. வெறும் தகடோ சுவரோ வேண்டாம், குண்டு திரும்பி வரும். சில நூறு குண்டுக்கு ஒருதரம் வேஸ்ட்டை மாற்றி, ஈயத்தைத் தனியே எடுத்துக் கையைக் கழுவுங்கள்.