சாயங்காலம் கோழியின் கழுத்தடி புடைத்திருந்தால்…

கேள்வி: வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். நொய்யும் மிச்சச் சோறும்தான் தீனி. சாயங்காலம் அடைக்கும்போது எல்லாவற்றுக்கும் கழுத்தடியில் வலப்பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்து அமுக்கிக் கக்க வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. செய்யலாமா? மண்ணில் கிடக்கும் சின்னக் கற்களையும் விழுங்குகின்றன. சில நாள் கெட்டி ஓடில்லாத தோல்முட்டை வேறு விழுகிறது.
– வாசகி, மணப்பாறை

பதில்: தலைகீழாகப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், அம்மா. கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. கக்கும் தண்ணீர் அதற்குள் இறங்கினால் நல்ல கோழியும் மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

நீங்கள் பார்த்தது நோயே இல்லை, இரைப்பை. மேய்ந்ததையெல்லாம் அங்கே சேர்த்து ஊறவைத்து, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். அடையும் நேரத்தில் அது நிறைந்திருந்தால் கோழி வயிறாரத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

சோதிக்க வேண்டியது விடியற்காலையில், தீனி போடுவதற்கு முன்னால். முட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம்தானே? அந்தக் கையை அப்படியே நெஞ்சுப் பக்கமும் கொண்டுபோங்கள். நான் கூட்டைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை இதுதான். பை காலியாகத் தொளதொளவென்று இருந்தால் சரி. கெட்டியாகவே இருந்தால் காய்ந்த நீளப் புல்லோ, சாக்கு நூலோ, பாலிதீனோ அடைத்திருக்கலாம். அந்தக் கோழியைத் தனியாக விட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, நின்ற நிலையிலேயே மெதுவாக நீவிவிடுங்கள். மறுநாளும் இறங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தண்ணீர் தளும்புவது போலிருந்து, அலகில் புளித்த வாடை அடித்தாலும் அப்படியே.

கல்லைத் தின்பதைத் தடுக்காதீர்கள். கோழிக்குப் பல் கிடையாது. கறிக்கு வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்துப் போடுவோமே, அந்தத் தடித்த சதைப் பைதான் அதற்கு அம்மி. அங்கே கல் இருந்தால்தான் தானியம் நன்றாக அரைபடும்.

ஆனால் கல் வேறு, கிளிஞ்சல் வேறு. ஜல்லித்துகள் வயிற்றில் கரையாமல் கிடந்து அரைக்கும். கிளிஞ்சல் கரைந்து சுண்ணாம்புச் சத்தாகும்; அந்தச் சத்து குறைந்தாலும் தோல்முட்டை விழும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும், அதில் பெரும்பகுதி ராத்திரியில்தான் படிகிறது. ஆகவே கிளிஞ்சலை நொறுக்கி, சாயங்காலத்தில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

நொய்யில் புரதம் 8 சதவீதத்தைத் தாண்டாது; முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். கரையான், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேருங்கள். புண்ணாக்கில் பூஞ்சை வாடை துளி இருந்தாலும் குப்பைக்குழியில் போட்டு மூடிவிடுங்கள், அந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். உப்புப் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம்.