பாதியில் நிற்கும் போர்வை: மண்டபம் சகோதரிக்கு

சகோதரி, மண்டபம் ஊரில் ஆசிரியை வேலை, இரண்டு வயதுக் குழந்தை, எட்டு மாதமாக முடியாத ஊசிப் பின்னல் போர்வை. பின்னலையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள், முறையை மாற்றுங்கள்.

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், முழுதும் ஊசியிலேயே நிற்கும். குழந்தை ஊசியை உருவினால் போச்சு. ஒரே கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கு மாறுங்கள். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். என் மகன் தவழ்ந்த காலத்தில் நானும் இப்படித்தான் மாறினேன். உள்ளங்கை அளவுச் சதுரங்களாகப் போடுங்கள், பிறகு சேர்த்துத் தைக்கலாம். ராமநாதபுரம் பஸ்ஸில் போய் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் உல்லன் கையில் ஒட்டும், பருத்தி நூல்தான் சுகம். உப்புக்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலைக் கறையாக்கும். அலுமினிய ஊசி வாங்குங்கள். நூலை வைக்க மூடியுள்ள பனை ஓலைப் பெட்டி போதும்.

அப்புறம், ஆண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் வாரங்களில் எதையும் தொடாதீர்கள், அதற்காக வருந்தவும் வேண்டாம். பழைய போர்வையைப் பிரித்துவிடாதீர்கள். கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து முடிச்சிட்டால் எத்தனை மாதமானாலும் அப்படியே காத்திருக்கும்.