அப்பாவை வெட்டியவர்

அன்புள்ள சார்,

வேலை போக மிஞ்சும் நேரத்தில் புகைப்படம் எடுப்பவன் நான். என்னைப் போன்ற சிலர் இணையத்தில் சேர்ந்து வாரம் ஒரு எடிட்டிங் சவால் நடத்துகிறோம். ஒருவர் தன் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பை, கொடுப்பார். மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி எடிட் செய்து போடுவார்கள். வாரக் கடைசியில் வாக்கெடுப்பு. பரிசெல்லாம் கிடையாது, ஜாலிக்குத்தான்.

போன வாரம் என் படம். ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் அப்பாவையே கிராப்பில் வெட்டிவிட்டு ஜன்னலையும் செய்தித்தாளின் ஓரத்தையும் மட்டும் வைத்திருந்தார். அதற்குத்தான் அதிக வாக்கு! எனக்கு மனசே ஆறவில்லை. ‘படத்தில் இருக்கும் ஆளை வெட்டக் கூடாது’ என்று விதி கொண்டுவரச் சொல்லலாமா? இல்லை, விலகிவிடுவது நல்லதா? இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே வேறு வானத்தை ஒட்டியிருந்தார். அது ஏமாற்று வேலை இல்லையா? அப்புறம், எந்த மென்பொருள் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது என் பழைய படங்களைக் கழித்துக்கட்ட உட்கார்ந்திருந்தேன். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இது எடுத்த அன்று நல்ல மழை, இதற்காக ஏணியில் ஏறி நின்றேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. படத்தில் பார்த்தால் மழையும் இல்லை, ஏணியும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அப்பா வந்து சேர்ந்தார்.

வானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வானம் ஒட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1850-களின் கண்ணாடி நெகட்டிவ்களுக்கு நீல ஒளி மட்டும் அளவுக்கு மீறி உறைக்கும். தரை சரியாக விழுந்தால் வானம் வெளிறிப்போய்விடும். பிரான்சின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேலே மிதக்கவிட்டதும் உண்டு. செய்தித்தாளுக்குப் போகும் படத்தில் இதைச் செய்தால் குற்றம். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கில் என்ன? ஒட்டிய வானத்தில் வெயில் எந்தப் பக்கம், அறைக்குள் நாற்காலியின் நிழல் எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

விதி? வேண்டவே வேண்டாம். ‘எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்’ என்று கையில் கொடுத்துவிட்டு, செய்த பிறகு சட்டம் பேசுவது என்ன நியாயம்? உங்களுக்கு வேண்டியிருந்தது பாராட்டு. வாய்விட்டுக் கேட்டிருந்தால் நண்பர்கள் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள். ரா ஃபைலைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தது உங்கள் குற்றம். ஃபைலுக்கு ஒரு சேதமும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எடிட் என்பது பக்கத்தில் சேமிக்கப்படும் சில கட்டளைகள், அவ்வளவே. மூலத்தில் அப்பா அதே நாற்காலியில் பத்திரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கோபம் இருக்கட்டும். நீங்கள் எழுதியதில் படத்தைப் பற்றி எத்தனை வரி? ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஜன்னல் எத்தனை வெளிச்சமாக இருந்தது, அப்பாவின் முகம் நிழலில் இருந்ததா என்று ஒன்றுமே இல்லை. ‘அப்பா’ என்று சொன்னாலே போதும், நானும் உங்களோடு சேர்ந்து உருகிவிடுவேன் என்று நினைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அது நடக்கும். படத்தில் நடக்காது. முன்பின் தெரியாதவன் கண்ணுக்கு அங்கே இருப்பது, அநேகமாக, நிழலில் ஒரு முதியவர், பக்கத்தில் பளிச்சென்று ஒரு ஜன்னல். கண் எப்போதும் வெளிச்சத்துக்குத்தான் முதலில் ஓடும். ஓடியது. அந்த நண்பர் அதைத்தான் வெட்டிக் காட்டியிருக்கிறார்.

இளவயதில் இருட்டறை வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை என் தங்கையின் நெகட்டிவைக் கொண்டுபோனேன். அதை நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் மாட்டி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதில் யார்?” என்றார்.

“என் தங்கை.”

“அது உனக்கு. எனக்கு யார்?”

எனக்குப் பதில் வரவில்லை. தங்கைக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். நெகட்டிவில் கன்னங்கறுப்பாகத் தெரிந்த அது, அச்சில் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். முகத்தை விட அதுதான் பெரிதாகத் தெரியும். பெரியவர் நடுவில் காசளவு ஓட்டை போட்ட ஓர் அட்டையை எடுத்தார். தாளில் படம் ஒருமுறை விழுந்து முடிந்ததும், லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவில் அட்டையைப் பிடித்து, ஓட்டை வழியாகச் சுவர்மேல் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விட்டார். இருட்டறையில் கணக்கு தலைகீழ், வெளிச்சம் கூடினால் தாள் கறுக்கும். அட்டையை ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். நின்றால் ஓட்டையின் விளிம்பு தாளில் விழுந்துவிடும். நீங்கள் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற மாஸ்க் போட்டு அதன் ஓரத்தை மென்மையாக்க ஸ்லைடரை இழுக்கிறீர்களே, அந்த வேலையைத்தான் அவர் மணிக்கட்டு செய்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கின் கீழே தட்டில் படம் மெல்ல எழுந்தபோது சுவர் சாம்பலாக அடங்கியிருந்தது. தங்கையைத் தெரியாதவரும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

நான் சொல்ல வருவது இதைத்தான். எடுத்தவனால் தன் படத்தைப் பார்க்கவே முடியாது. அவன் பார்ப்பது அந்த நாளை. அப்பாவின் இருமல், பக்கத்து அறைப் பேச்சு, எடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்து முறைத்தது எல்லாம் உங்களுக்குப் படத்தில் தெரிகிறது. பத்துப் பேரிடம் ஃபைலைக் கொடுத்தால் அந்தப் பத்துப் பேருக்கும் இவை எதுவும் தெரியாது. உங்கள் சவாலின் அருமையே அங்கேதான் இருக்கிறது, வாக்கில் இல்லை. பத்து எடிட்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து, யார் எதை வெளிச்சமாக்கியிருக்கிறார், எதை அடக்கியிருக்கிறார் என்று பாருங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் குறை அங்கே இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு இருக்கும் படத்தை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். தொடக்க கால பிரிண்ட்களில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிந்தியவற்றில் வானம் ஏறக்குறைய கறுப்பு. ஒரே மனிதருக்கே ஒரு படம் இப்படி மாறிக்கொண்டிருந்தது. உங்கள் அப்பாவைத் தெரியாத நண்பர்களுக்கு மாறக் கூடாதா?

இனி உங்கள் வேலை. ஜன்னலின் வெளிச்சத்தைக் குறையுங்கள், அப்பாவின் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். உங்கள் கேமரா 14 பிட்டில் பதிவு செய்கிறது என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 16,384 படிகள் இருக்கின்றன. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 தான். அதனால் ரா ஃபைலில் நிழலுக்குள்ளிருந்து முகத்தை மீட்கலாம். பேராசைப்பட்டு இழுத்தால் கன்னமெல்லாம் மணல் கொட்டியதுபோலப் புள்ளி தட்டும், அங்கே நிறுத்துங்கள். ஜன்னல் முழு வெள்ளையாக வெந்துபோயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபைலில் இல்லாததை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. அப்போது அடுத்த முறை ஜன்னலின் வெளிச்சத்தை அளந்து அதற்கேற்ப எடுங்கள். அப்பா மறுபடியும் உட்கார மாட்டாரா என்ன? கேட்டுப் பாருங்கள், முறைத்துக்கொண்டாவது உட்காருவார்.

மென்பொருள் எதையும் வாங்க வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், உங்கள் தேவைக்கு அதிகம். திரையின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துக்கொண்டு உட்காருங்கள். அது முழு வெளிச்சத்தில் இருந்தால் எல்லாப் படத்தையும் கறுப்பாக்கிவிட்டு எழுந்திருப்பீர்கள்.

விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அடுத்த வாரப் படம் வந்ததும் எடிட்டைத் திறப்பதற்கு முன்னால், அதில் உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். எடிட் அனுப்ப வேண்டாம், வரிகள் போதும். அப்பாவை வெட்டிய அந்த நண்பரையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவரைத்தான் அதிகம் படிக்க வேண்டும்.