விரிக்க ஒரு மருந்து, சுருக்க இன்னொரு மருந்தா?

கேள்வி: அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. முதலில் கண்ணின் பாவை (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால், கடைசியில் பாவையைச் சுருக்க 'கார்பகோல்' போட்டதாக இருக்கிறது. அன்று இரவு புருவத்துக்கு மேலே வலி, எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்றார். விரித்ததை ஏன் சுருக்க வேண்டும்?

பதில்: இரண்டுமே தேவைப்பட்டதுதான். புரை பாவைக்குப் பின்னால் இருக்கிறது, வாசல் அகலமாகத் திறந்தால்தான் அதை எடுக்க முடியும். புது லென்ஸை வைத்தபின், பாவையைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸ் தளர்ந்து காயத்தின் பக்கம் போய் ஒட்டாமலும் லென்ஸ் முன்னால் வழுக்கி வராமலும் இருக்க, தேவைப்பட்டால் வாசலைச் சுருக்குவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஐரிஸ் வட்டமாக உள்ளே இழுபடுவது அழகாகத் தெரியும். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கூம்பினால், அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது என்று சர்ஜன் உஷாராகிவிடுவார்.

உடம்பிலேயே சுரக்கும் அசிடைல்கோலினையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். கரைத்து வைத்தால் கெட்டுவிடும் என்பதால் பொடியாக வரும், அப்போதே கலப்பார்கள். சில நொடிகளில் வேலை செய்யும், ஆனால் கண்ணில் உள்ள என்சைம் அதைச் சீக்கிரமே உடைத்துவிடும். கார்பகோல் அந்த என்சைமுக்கு லேசில் மசியாது. 0.01 சதவீதக் கரைசலில் அரை மில்லி, அவ்வளவுதான் கண்ணுக்குள் போகும், 2 முதல் 5 நிமிடத்தில் பாவை நன்றாகச் சுருங்கி, 24 மணி நேரம் வரைகூட அப்படியே நிற்கும், ஆபரேஷனுக்கு அடுத்து கண்ணில் அழுத்தம் ஏறுவதையும் ஓரளவு தடுக்கும். இரண்டும் பிடித்துக்கொள்வது மஸ்கரினிக் ஏற்பிகளை, அதாவது தசையில் மருந்து போய் ஒட்டும் இடங்களை. சிவப்புக் குடைக் காளான் ஒன்றில் 1869-இல் பிரித்தெடுத்த மஸ்கரின் என்ற நஞ்சிலிருந்து வந்த பெயர் அது.

அப்பாவின் புருவ வலி, கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசையும் சேர்ந்து இறுகியதால் வந்திருக்கலாம். வாசல் சின்னதானால் வெளிச்சமும் குறையும், அதனால்தான் அந்த இருட்டு. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் வலி குறையாமல் கூடினாலோ, பார்வை மேலும் மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலவோ ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் செய்யும்போது ஆஸ்துமா, இதயச் செயலிழப்பு, சிறுநீர் அடைப்பு, குடல்புண், பார்க்கின்சன் இதில் எது இருந்தாலும் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் முதல் தடவை சொன்னதுதானே என்று விடாமல் டாக்டரிடம் மறுபடி சொல்லிவிடுங்கள்.