தம்பிக்கு வைத்த நகையும் மகளின் உளவியல் படிப்பும்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வாங்குவது 48,000 ரூபாய். கணவருக்கு ஜெராக்ஸ் கடை, செலவு போக மாதம் 12,000 நிற்கும். மகள் மதுரையில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. எம்.எஸ்சி.க்குத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதியோடு 12 லட்சம் ஆகுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா? இல்லை, அவள் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா? மேற்படிப்புக்கென்று மாதம் 8,000 கட்டும், காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் ஒன்றைப் போடச் சொல்லி வங்கியில் வற்புறுத்துகிறார்கள். என் 22 பவுன் நகை, தம்பியின் வத்தல் வியாபாரத்துக்காக நான்கு வருடமாக அடகில் இருக்கிறது. முதலில் 3 லட்சம் வாங்கினோம், பிறகு நாலரை லட்சமானது, இப்போது கடன் 6.5 லட்சம். திருப்பி வைக்கும் தேதி அடுத்த மாதம். வட்டி நான்தான் கட்டுகிறேன். தங்கம் விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு இன்னும் 3 லட்சம் கிடைக்கும், வாங்கிக் கொடு அக்கா என்கிறான். என்ன செய்வது?

பதில்: கல்விக் கடனா, தொலைதூரக் கல்வியா, யூலிப்பா என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். நகைக் கடனைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி நாலு வரிதான் உறுத்துகிறது.

தம்பிக்கு உதவியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடமாக நடந்திருப்பதைக் கவனியுங்கள். புதிதாக ஒரு மோதிரம்கூட வைக்கவில்லை. ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் தங்கம் விலை ஏறியிருக்கிறது, வங்கி கூடுதலாகத் தந்திருக்கிறது, அது அப்படியே தம்பி கைக்குப் போயிருக்கிறது. 3 லட்சம் நாலரையாகி, ஆறரையாகிவிட்டது. நகை ஏறியதன் லாபம் முழுக்க அவருக்கு, வட்டி உங்களுக்கு.

அந்த வட்டியைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 9.5 சதவீதம் என்றால் முதல் இரண்டு வருடமும் 28,500 வீதம், மூன்றாம் வருடம் நாலரை லட்சத்துக்கு 42,750, இந்த வருடம் 61,750. கூட்டினால் 1,61,500 ரூபாய். அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தால் விடுதி, சாப்பாடு சேர்த்தே வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குள் திட்டமிட முடியும். மகளின் ஒரு வருடப் படிப்புச் செலவை வட்டியாகவே கட்டி முடித்திருக்கிறீர்கள். அசல் அப்படியே நிற்கிறது.

மற்ற படிப்பென்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உளவியலில் பணம் தேவைப்படும் காலம் வேறு மாதிரி வருகிறது. பி.எஸ்சி. முடித்தால் வேலை என்ற கணக்கு இதில் இல்லை. எம்.எஸ்சி. முடித்தாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று மருத்துவமனையில் உட்கார முடியாது. ஆர்.சி.ஐ. என்று சொல்லும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தொழில்முறைப் படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதுவரை அந்தப் படிப்பு இரண்டு வருட எம்.பில். ஆக இருந்தது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் சலுகையாக 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தது. ஆக, உங்கள் மகள் அங்கே போய் நிற்கும்போது படிப்பின் பெயர் வேறாக இருக்கும். எந்தப் பெயரில் வந்தாலும், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. ஒப்புதல் உண்டா என்று அவர்கள் இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

மூன்று வருடம் பி.எஸ்சி., இரண்டு வருடம் எம்.எஸ்சி., அதற்குமேல் இந்தத் தொழில்முறைப் படிப்பு. கடைசிக் கட்டம் வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் முழுநேரமாகப் போகும். பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்க முடியாது. நான் பார்த்த பல வீடுகளில் பிள்ளை இங்கேதான் நின்றுவிடுகிறது. எம்.எஸ்சி.க்கே எல்லாக் கடனும் வாங்கித் தீர்த்திருப்பார்கள், இடம் கிடைத்தும் கட்டப் பணம் இருக்காது. உங்கள் நகை அடகுக்குப் போக வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் அது அன்றைக்குத்தான். அன்று அது பீரோவில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த 12 லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்துப் பிணை கேட்கும், அதனால்தான் பத்திரம் பற்றி உங்களிடம் பேச்சு வந்திருக்கிறது. படிக்கும் இரண்டு வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு 6 லட்சம் வீதம் எடுத்து, 10.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் மூன்று வருடத்தில் 3 லட்சத்துக்கு மேல் ஏறி, கடன் 15 லட்சத்தைத் தொட்டுவிடும். பத்து வருடத் தவணை மாதம் சுமார் 20,400. எம்.எஸ்சி. முடித்ததும் 20,000 ரூபாய் சம்பளத்தில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் முழுவதும் தவணைக்கே போதாது. அப்புறம் தொழில்முறைப் படிப்புக்கு எங்கே போவாள்? வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகம், உதவி பெறும் கல்லூரி, கியூட் முதுநிலைத் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகம், இந்த மூன்றுக்கும் இப்போதிருந்தே தயாராகச் சொல்லுங்கள். அதற்கும் பணம் குறைந்தால் பிணையில்லாமல் கிடைக்கும் 3, 4 லட்சக் கடன் போதும். வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

தொலைதூரக் கல்விக் கதவு மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. இன்னும் யாராவது சேர்க்கை உண்டு என்று கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். மூன்று மாத ஹிப்னோதெரபி டிப்ளமா, வார இறுதி கவுன்சலிங் சான்றிதழ் என்று விற்பவர்களுக்கும் அதுதான் பதில். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்காது.

யூலிப்புக்கு ஐந்து வருடம் பூட்டு. உங்களுக்கு முதல் பணம் ஒன்றரை வருடத்தில் வேண்டும். இதை மேற்படிப்புக்கு என்று சொல்லி விற்பவரிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்த 8,000-ஐயும், வட்டிக்காக ஒதுக்கும் 5,000-ஐயும் சேர்த்து மாதம் 13,000-ஐ நகைக் கடனிலேயே கட்டுங்கள். வருடக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை, இடையிலேயே கட்டலாம். தம்பியிடம் மாதம் 12,000 கேளுங்கள். வாங்கியது அவர், இது கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. 25,000 வீதம் பதினெட்டு மாதம் போனால், வட்டி போகக் கடன் சுமார் 2.65 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

அவர் தரவில்லை என்றால்? அதையும் யோசித்துத்தான் ஆக வேண்டும். இன்றைய விலைக்குப் பாதி நகையை விற்றாலே கடன் முடிந்துவிடும், மீதிப் பாதி வீட்டுக்கு வரும். அம்மா போட்ட நகை, மனசு கேட்காது என்பீர்கள். ஆனால் வட்டி கட்டிக் கட்டி அடகிலேயே வைத்திருப்பதைவிடப் பாதியாவது கையில் இருப்பது மேல்.

மகள் எம்.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருடம் வேலை பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், போதை மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் உளவியல் படித்தவர்களை எடுக்கிறார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் நோயாளி எதிரில் உட்கார்ந்து பேசிய அனுபவம் கிடைக்கும். கிளினிக்கல் பக்கம் போகலாமா, மனநல சமூகப்பணி பக்கம் போகலாமா என்று அவளுக்கே அங்கே தெளிந்துவிடும்.

நகையைத் திருப்பி வைக்கும் தேதி அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஒரே கடனாக வைக்காதீர்கள். 22 பவுனை 8, 14 என்று இரண்டு பொட்டலமாகப் பிரித்து, இரண்டு தனிக் கடனாக எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் சின்னதை முதலில் கட்டி, அந்த நகையை மட்டும் மீட்டு எடுக்க முடியும். கூடுதல் தொகை எவ்வளவு வரும் என்று கேட்கவே கேட்காதீர்கள். தம்பியைத் துணைக்கு அழைக்க வேண்டாம், மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.