50,000 ரூபாய் கைமுதலில் போக்கர்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படிக்கும் மகன், ஒரு வேலையில் இருந்துகொண்டே சாயங்காலமும் லீவு நாளிலும் போக்கர் ஆடிச் சம்பாதிக்கப் போகிறேன் என்கிறான், அதற்கு 50,000 ரூபாய் சேர்த்தும் வைத்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். "சூதாடி" என்று திட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னதை அவன் எடுத்துக் காட்டுவான், அத்தோடு உங்கள் வாதம் நின்றுவிடும். கணக்கை வைத்துப் பேசுங்கள். கணிதம் படிக்கிற பையன் அதற்குக் கட்டுப்படுவான்.

கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கிறீர்கள். சரக்கு வாங்கும் முதலில் கைவைத்து வீட்டுச் செலவு செய்தால் கடை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். போக்கரில் அந்த முதலுக்குப் பெயர் பேங்க்ரோல். ஒருமுறை மேஜையில் உட்கார வைக்கும் பணம் பை-இன், வழக்கமாக பிக் பிளைண்டைப் போல 100 மடங்கு. பிக் பிளைண்ட் என்பது சீட்டு போடும் முன் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம். கவனமாக ஆடுகிறவர்கள் குறைந்தது 30 பை-இன் கையில் இல்லாமல் ஒரு மேஜைக்குப் போகமாட்டார்கள். டோர்னமென்ட் என்றால் 100-க்கும் மேல் வேண்டும்.

உங்கள் மகனின் 50,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு பை-இன் 1,666 ரூபாய், பிக் பிளைண்ட் சுமார் 16 ரூபாய். 100 கைக்கு, அதாவது 100 சுற்றுச் சீட்டுக்கு, 5 பிக் பிளைண்ட் ஜெயிப்பது நல்ல ஆட்டக்காரருக்கான அளவு. அதாவது 80 ரூபாய். நேரடி மேஜையில் மணிக்கு 30 கை வந்தாலே பெரிது, ஆக மூன்று மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து 80 ரூபாய். கோவா கேசினோக்களில் இவ்வளவு சின்ன மேஜையே கிடையாது. 100 ரூபாய் பிக் பிளைண்ட் மேஜையில் உட்கார்ந்தால் அவனிடம் இருப்பது ஐந்தே பை-இன். நன்றாக ஆடினாலும் ஒரு மோசமான வாரம் அதைத் தின்றுவிடும். மதுரையிலிருந்து போய்வரும் செலவும் தங்கும் செலவும் தனி.

"ஆனால் இதுவரை ஜெயித்திருக்கிறேனே" என்பான். அவன் ஜெயித்தது உண்மைதான். ஆனால் அது எதையும் நிரூபிக்காது. மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரருக்கே 100 கைக்கு ஏற்ற இறக்கம், அவன் பாடப்புத்தகத்தில் வரும் திட்ட விலக்கம், 90 பிக் பிளைண்ட் வரை இருக்கும். அதை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 10,000 கை ஆடிய பிறகும் அப்படிப்பட்டவர்களில் பத்தில் மூன்று பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். அதே போல, தோற்கிற ஆட்டக்காரர் சிலர் லாபத்தில் இருப்பார்கள். தான் எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் சின்ன முதல் தீர்ந்துவிடும். நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தில் தண்டனை நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் பணப் பரிமாற்றம் செய்து கொடுக்கிறவருக்கும்தான், ஆடுகிறவருக்கு இல்லை. ஆனாலும் வெளிநாட்டு ஆப் ஒன்று யார் யாருடைய யுபிஐ கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால், அவனுடைய வங்கிக் கணக்கு முடங்கும் ஆபத்து நிஜமானது. லாட்ஜ் அறையிலும் தோப்பு வீட்டிலும் நடக்கும் ஆட்டங்களில் நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஜெயித்த பணம் வராவிட்டால் யாரிடமும் கேட்க முடியாது. முறையாக ஜெயித்தாலும் 30 சதவீதம் வரி, அடிப்படை விலக்கு இதற்குப் பொருந்தாது. தோற்ற பணத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

சரி, அந்த மூளையை என்ன செய்வது? நிகழ்தகவும் பொறுமையும் பிடித்த பையனுக்கு ஆக்சுவரி படிப்பு, அதாவது காப்பீட்டில் ஆபத்தைக் கணக்கிடும் படிப்பு, நன்றாகப் பொருந்தும். இந்திய ஆக்சுவரி நிறுவனம் நடத்தும் ஏசெட் நுழைவுத்தேர்வை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களே எழுதலாம். காப்பீட்டு நிறுவனங்கள் ஆபத்தைக் கணக்கிடச் சம்பளம் தருகின்றன, முதல் போடுவது அவர்கள். சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிக்கலாம். நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தயாராகட்டும். போக்கர் பிடித்தால் காசில்லாத ஆட்டமாக நண்பர்களோடு ஆடட்டும், அதைத் தடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடன் ஆப், நண்பர்களிடம் கைமாற்று, தூக்கமில்லாத இரவு, தோற்றதை மீட்க வேண்டும் என்ற பேச்சு, இவை தெரிந்தால் அது படிப்பு ஆலோசனைக்குரிய விஷயம் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், அல்லது அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இதுவரை ஆடிய ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம், எவ்வளவு வைத்தான், எவ்வளவு எடுத்தான் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடும் மார்க் ஷீட்டோடும் மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அவனுடனே உட்கார்ந்து பேசுகிறேன்.